ஸ்கேனர் வாங்கப் போறீங்களா? முதல்ல உங்க வீட்டுல 1197 வருதான்னு பாருங்க

நீளமான த்ரெட். மருந்து, மாத்திரை, டயட் எதுவும் இதுல இல்ல. ரேடியோ பத்தி. பொறுமை இருக்கறவங்க வாங்க.

நேத்து ஓபி முடியற நேரம். அறுபத தாண்டின ஒரு அண்ணாச்சி. சுகர், பிரஷர் பாத்து சீட்டு எழுதிக் குடுத்தாச்சு. மடிச்சு சட்டைப் பையில வச்சாரு, ஆனா எழும்பல. போன நீட்டினாரு. "டாக்டரய்யா, இத வாங்கிப் போட்டுரட்டா? போலீஸு, பயர் சர்வீஸு, ஆம்புலன்ஸு பேசுதது எல்லாம் கேக்கலாமாம்லா. அடுத்த வெள்ளம் வந்தா உசுர காப்பாத்தும்னு போட்டிருக்கான்."

பாத்தேன். கறுப்பு வாக்கிடாக்கி. படத்துக்கு மேல "போலீஸ் ஸ்கேனர்", அதுக்குக் கீழ "10 கி.மீ ரேஞ்ச்", அதுக்கும் கீழ "லைசென்ஸ் தேவையில்லை". மூணு வரி, மூணும் பொய்.

சிரிச்சிட்டு அனுப்பியிருக்கலாம். ஆனா அவர் ஏன் கேக்காருன்னு எனக்குத் தெரியும். 2023 டிசம்பர் வெள்ளத்துல அவர் வீட்டம்மா டயாலிசிஸ்ல இருந்தாங்க. வாரத்துக்கு மூணு தடவை. ஆத்துக்கு அந்தக் கரையில வீடு, இந்தக் கரையில டயாலிசிஸ். 17ஆம் தேதி ராத்திரி கரண்ட் போச்சு, அப்புறம் போன் போச்சு. ரெண்டு முறை டயாலிசிஸ் தவறி அந்தம்மா வந்து சேரும்போது பொட்டாசியம் எகிறிப் போய், இசிஜி பாத்து எனக்கே கை நடுங்கிச்சு. பிழைச்சாங்க. பின்னால விசாரிச்சா, அவங்க வர வேண்டிய பாதை அதுக்கு முந்தின நாள் மத்தியானமே வடிஞ்சிருக்கு. டிராக்டர் போயிருக்கு. அத அவங்ககிட்ட சொல்ல ஒரு நாதி இல்ல.

அதனால அண்ணாச்சி அந்தப் பெட்டிய வாங்க நினைச்சது முட்டாள்தனம் இல்ல. அந்த பயத்த காசாக்குறான் பாருங்க, அவன் மேலதான் எனக்குக் கோபம். அதவிடப் பெரிய கோபம் ஒண்ணு இருக்கு, அது கடைசியில.

முதல்ல அந்த மூணு பொய்.

லைசென்ஸ் தேவையில்லையாம். நம்ம நாட்டுல பொதுமக்கள் லைசென்ஸ் இல்லாம பேசறதுக்குன்னு 446.0ல இருந்து 446.2 மெகாஹெர்ட்ஸ் வரை ஒரு சின்ன சந்து இருக்கு. 2018 விதிகள்ல விலக்கு குடுத்தது. அந்த சந்துக்குள்ள மட்டும் பேசற மாதிரி, குறைஞ்ச சக்தியில, வகை ஒப்புதல் வாங்கின பெட்டின்னா சரி. அண்ணாச்சி காட்டினது 136ல இருந்து 174 வரை, 400ல இருந்து 520 வரை எங்க வேணா போய் பேசும். அதாவது ஒரு பட்டன் தப்பா அமுக்கினா மீட்புப் படை பேசிட்டிருக்கற அலைவரிசையிலயே உங்க வீட்டுப் பேரன் "ஹலோ ஹலோ"ன்னு உக்காந்திருப்பான். படகு எங்க வரணும்னு சொல்ற அந்த அஞ்சு செகண்டு அமுங்கிப் போகும். 2025 மே மாசம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் இந்த வியாபாரத்துக்காகவே ஆன்லைன் கடைகளுக்கு நோட்டீஸ் விட்டு, எப்படி விக்கணும்னு வழிமுறையும் வெளியிட்டுச்சு. பார்வேர்டு மட்டும் நிக்கல.

பத்து கிலோமீட்டர் ரேஞ்ச்சுங்கிறது ரெண்டு மலை உச்சியில ரெண்டு பேர் நின்னு பேசினா. டவுன் ரத வீதியில நின்னு பேசினா வண்ணார்பேட்டைக்கு எட்டுமான்னே சந்தேகம். நடுவுல கட்டடம், மரம், மேடு எல்லாம் இருக்கு. இந்த அலை நேர்கோட்டுல போறது. வளைஞ்சு போகாது.

மூணாவதுதான் பெரிய பொய். போலீஸ் ஸ்கேனர். இது அமெரிக்காவுல இருந்து வந்த ஆசை. அங்க ஸ்கேனர்னு தனியா ஒரு கருவியே விக்குது. பேசாது, கேக்க மட்டும் செய்யும். நூத்துக்கணக்கான சேனல மெமரியில ஏத்திட்டா ஒவ்வொண்ணா தட்டிப் பாத்து, பேச்சு வர்ற இடத்துல நிக்கும். எந்த ஊர் போலீஸ் எந்த அலைவரிசைன்னு பட்டியலே கிடைக்கும். அந்தப் பட்டியலப் பாத்துட்டு இங்க வந்து பாளையங்கோட்டைக்குப் பட்டியல் கேக்கறாங்க. அங்கயே பல ஊர்ல போலீஸ் டிஜிட்டலுக்குப் போய், பேச்ச ரகசியக் குறியா மாத்திட்டாங்க. ஸ்கேனர்ல அது வெறும் கரகரப்பு. இங்கயும் போக்கு அதே பக்கம்தான். 108க்கோ நாம கூப்பிடறதே போன்லதான்.

சட்டம் என்ன சொல்லுதுன்னும் பாத்துருவோம். எங்க தாத்தா வீட்டு மர்பி ரேடியோவுக்கு வருஷா வருஷம் போஸ்ட் ஆபீஸ்ல பணம் கட்டி, லைசென்ஸ் புஸ்தகத்துல முத்திரை வாங்கணும். நம்புங்க, பாட்டு கேக்கறதுக்கு லைசென்ஸ். 1933ஆம் வருஷ வயர்லெஸ் சட்டத்துக்கு கேக்கற பெட்டியும் கருவிதான், பேசற பெட்டியும் கருவிதான். ஒலிபரப்பு கேக்கற ரேடியோவுக்கு அப்புறமா விலக்கு வந்துச்சு. இப்ப அந்த இடத்துக்கு 2023 தொலைத்தொடர்புச் சட்டம் வந்திருக்கு. அடுத்தவங்க செய்திய சட்டத்துக்குப் புறம்பா இடைமறிச்சா 3 வருஷம் வரை சிறை, 2 கோடி ரூபாய் வரை அபராதம், இல்ல ரெண்டும். இந்தப் பிரிவு 2024 ஜூன்ல இருந்து அமல்ல இருக்கு. பார்வேர்டு போடறவன் இத போடுவானா?

சட்டத்த விடுங்க. டாக்டரா ஒண்ணு சொல்றேன். ஒரு ஆம்புலன்ஸ் பேச்சுல என்ன இருக்கும்? யாரோட பொண்ணு விஷம் குடிச்சது, எந்தத் தெரு, எத்தன மாசம். 2019ல கனடாவுல வான்கூவர் பக்கம் ஆஸ்பத்திரி பேஜர் செய்தியெல்லாம் குறியாக்கம் இல்லாம காத்துல போயிட்டிருந்தது வெளிய வந்துச்சு. நோயாளி பேரு, வயசு, வியாதி எல்லாத்தையும் சில ஆயிரம் ரூபாய் டாங்கிள் வச்சிருந்த யார் வேணா படிக்கலாம். நம்ம ஊர் வாட்ஸ்அப் குரூப்புக்கு அந்த வசதி கிடைச்சா என்ன நடக்கும்னு நான் சொல்ல வேண்டாம்.

சரி, அப்ப எதத்தான் கேக்கறது?

2023 டிசம்பர் 17, 18ல என்ன ஆச்சுன்னு ஒரு தடவை நினைச்சுப் பாருங்க. காயல்பட்டினத்துல 24 மணி நேரத்துல 95 செ.மீ மழை. திருச்செந்தூர்ல 69. மேல மாஞ்சோலையில 55. திருச்செந்தூர்ல இருந்து சென்னைக்குக் கிளம்பின செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்துல நின்னுபோச்சு. உள்ள ஏறத்தாழ 800 பேர். கடைசி ஆள் வெளிய வரும்போது 19ஆம் தேதி. அது ஏன் ஸ்ரீவைகுண்டத்துல நின்னுச்சு? முன்னால பாதை சரியில்ல, தண்டவாளத்துக்கு அடியில ஜல்லி அரிச்சுப் போகுதுங்கிற தகவல் ஸ்டேஷனுக்கு நேரத்துக்கு வந்துச்சு. அதிகாரி வண்டிய விடல. ஒரே ஒரு தகவல், 800 உசுரு. ரயில்வேக்கு சொந்தமா ஒரு தகவல் வழி இருக்கு. ஆத்தங்கரை ஊர்க்காரனுக்கு அப்படி ஒரு வழி இருந்துச்சா?

அவனுக்கு இருந்தது போன். டவர்ல பேட்டரி தீர்ந்ததும் அதுவும் செங்கல். அந்த வருஷந்தான் எல்லார் போனும் ஒரு நாள் திடீர்னு பீப்னு அலறி "இது சோதனை எச்சரிக்கை"ன்னு காட்டுச்சு, ஞாபகம் இருக்கா? நல்ல ஏற்பாடுதான், குறை சொல்லல. டவர் உசுரோட இருக்கற வரைக்கும்.

இந்த இடத்துலதான் மீடியம் வேவ் வருது. நம்ம நெல்லை வானொலி 1963ல இருந்து இருக்கு. ஊர்ல பாதிப் பேருக்கு அதோட நம்பர் மறந்து போச்சு: 1197 கிலோஹெர்ட்ஸ். மீடியம் வேவ் தரையோட ஒட்டிப் போற அலை. மேடு பள்ளம், தோப்பு, கட்டடத்துக்கெல்லாம் எஃப்எம் மாதிரி முழிச்சு நிக்காது. ஒரே ஒரு கோபுரம் உசுரோட இருந்தா பாபநாசத்துல இருந்து புன்னைக்காயல் வரைக்கும் ஒரே நேரத்துல ஒரே வாக்கியத்த சொல்லிரலாம். கேக்கறவன் வீட்டுல டவர் வேண்டாம், நெட் வேண்டாம், கரண்ட் வேண்டாம். ரெண்டு பேட்டரி போதும்.

அதனால நீங்க வாங்க வேண்டியது ஒரு சாதா ரேடியோ. மீடியம் வேவ், எஃப்எம் ரெண்டும் இருக்கணும். கடையில கிடைக்கற பென்சில் பேட்டரி போடறதா இருக்கணும். சார்ஜ் மட்டும் போடற மாடல் வேண்டாம், வெள்ளத்துல அது மூணாம் நாள் போனோட சேந்து செத்துரும். புளூடூத் ஸ்பீக்கர்ல "ரேடியோவும் உண்டு"ன்னு போட்டிருந்தா அது எஃப்எம் மட்டும்தான், ஏமாறாதீங்க.

கொஞ்சம் காசு போடறவங்க டிஜிட்டல் டியூனிங், சிற்றலை, எஸ்எஸ்பி இருக்கற டெக்சன், எக்ஸ்ஹெச்டேட்டா மாதிரி செட் வாங்கலாம். வாங்கினதும் நம்மாளுங்க பண்ற முதல் தப்பு ஒண்ணு இருக்கு. நானே பண்ணினேன். "1197 வரவே மாட்டேங்குது, செட் சரியில்ல"ன்னு ரெண்டு நாள் திட்டிட்டிருந்தேன். விஷயம் என்னன்னா, அமெரிக்காவுல மீடியம் வேவ் நிலையங்களுக்கு நடுவுல இடைவெளி 10 கிலோஹெர்ட்ஸ். நம்ம பக்கம் 9. செட் 10ல இருந்தா 1190, 1200ன்னு தாவித் தாவிப் போகும். 1197ல நிக்கவே நிக்காது, ஸ்கேன்லயும் சிக்காது. மெனுவுல போய் 9க்கு மாத்துங்க. 1197ஐ ஒன்பதால வகுத்துப் பாருங்க, மீதி வராது. தூத்துக்குடி 1053ம் அப்படித்தான். மாத்தினப்புறம் ஆட்டோ ஸ்கேன் போட்டா தானா வந்து உக்காரும்.

முதல் மெமரியில 1197. அடுத்தது தூத்துக்குடி 1053. அதுக்கடுத்து கொடைக்கானல் எஃப்எம் 100.5, மலை மேல இருக்கறதால தெற்கு பூராவும் எட்டும். மெமரி 500 இருக்கேன்னு கண்டதையும் ஏத்தாதீங்க. நூறு சேனல் சுத்தி வர்றதுக்குள்ள சொல்ல வேண்டியத சொல்லி முடிச்சிருப்பான். அஞ்சு போதும். அந்த நம்பர்களை ஒரு தாள்ல எழுதி பேட்டரி மூடிக்குள்ள ஒட்டி வைங்க. வீட்டுல செட் இயக்கத் தெரிஞ்ச ஒரே ஆள் நீங்களா இருந்து, நீங்க அன்னைக்கு வெளியூர்ல மாட்டிக்கிட்டா?

மீடியம் வேவுக்குக் கொம்ப இழுத்து நீட்ட வேண்டாம். உள்ள ஒரு கறுப்புக் குச்சி இருக்கு, அதுதான் ஆண்டெனா. செட்டத் தட்டாமாலை மாதிரி மெதுவா சுத்துங்க, ஒரு திசையில குரல் தெளிவாகும். அந்தத் திசையில வைங்க.

இதுக்கு மேல ஆர்வம் இருக்கறவங்களுக்கு எஸ்டிஆர் டாங்கிள் ஒண்ணு உண்டு. டிவி பாக்கறதுக்குன்னு செஞ்ச சின்ன டாங்கிள அகல ரேடியோவா மாத்தலாம்னு 2012 வாக்குல கண்டுபிடிச்சாங்க. லேப்டாப்புல சொருகினா அலைவரிசையெல்லாம் அருவி மாதிரி திரையில ஓடும். வானிலை செயற்கைக்கோள் 137 மெகாஹெர்ட்ஸ் பக்கம் அனுப்பற மேகப் படத்த மொட்டை மாடியில நின்னே பிடிக்கலாம். ஹாம்கள் 144ல இருந்து 146க்குள்ள பேசறது கேக்கும். ஆண்டெனாவும் நீங்களே செய்யலாம், 145க்கு கால் அலை நீளம்னா சுமார் அரை மீட்டர் கம்பி. விமானம், துறைமுகம் எல்லாம் எந்த நம்பர்னு கேட்டு கமெண்ட்ல வராதீங்க. உங்களுக்காகப் பேசாத பேச்ச என் பட்டியல்ல சேக்க மாட்டேன்.

பேசணும்னு ஆசையா? அதுக்கும் நேர்வழி இருக்கு. ஹாம் தேர்வு. 12 வயசு ஆனா எழுதலாம். சரல் சஞ்சார் தளத்துல விண்ணப்பம். கொஞ்சம் மின்னணுவியல், கொஞ்சம் விதிமுறை. ரெஸ்ட்ரிக்டட் கிரேடுக்கு மோர்ஸ் கூட வேண்டாம். ராஜீவ் காந்தி ஹாம்தான், தெரியுமா? 2004 சுனாமி அன்னைக்குப் போர்ட் பிளேர்ல பாரதி பிரசாத்ங்கிற ஹாம் தன் குழுவோட இருந்தாங்க. அந்தமான்ல இருந்து உலகத்தோட ஹாம் ரேடியோவுல பேசணும்னு போன பயணம் அது. நிலம் ஆடினதும் அந்த செட்ட வச்சே தீவுல இருந்து செய்தி அனுப்ப ஆரம்பிச்சுட்டாங்க. அவங்க கையில இருந்தது லைசென்ஸ், பழக்கம், ஒழுங்கா வச்ச ஆண்டெனா. கடைசி நேரத்துல ஆர்டர் போட்ட பெட்டி இல்ல.

வாய்ப் பேச்சு மட்டும்னு நினைக்காதீங்க, நானும் படிக்கறேன். ஐம்பது வயசுக்கு மேல ஓம் விதி. என் பொண்ணு கேள்வி கேட்டு மார்க் போடறா.

இனி அந்தப் பெரிய கோபம்.

நம்ம மாவட்டத்துல விஜயநாராயணத்துல ஐஎன்எஸ் கட்டபொம்மன் இருக்கு. 1990ல இருந்து கடலுக்கடியில முங்கிக் கிடக்கற நீர்மூழ்கிக் கப்பலுக்கு இங்க இருந்து செய்தி போகுது. கிருஷ்ணாபுரத்துல இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனத்தோட ஆய்வுக்கூடம், நம்ம தலைக்கு மேல அயனி மண்டலத்துல என்ன நடக்குதுன்னு ரேடார் வச்சுப் பாக்கறாங்க. காந்த நடுக்கோட்டுப் பக்கத்துல இருக்கறதால உலகத்துக்கே முக்கியமான இடம். கடலுக்கு அடியிலயும் ஆகாசத்துக்கு மேலயும் அலை அனுப்பத் தெரிஞ்ச மாவட்டம். ஆத்தங்கரையில இருக்கற ஆச்சிக்கு "இன்னும் அஞ்சு மணி நேரத்துல தண்ணி வருது, மாட்ட அவுத்து மேட்டுக்குப் போ"ன்னு சொல்ல வழி இல்ல.

அணை திறப்பு அறிவிப்பு இன்னைக்கு நமக்கு எப்படி வருது? பேஸ்புக், எக்ஸ், வாட்ஸ்அப். ஒரு பிடிஎஃப். "விநாடிக்கு இத்தனை ஆயிரம் கன அடி". எந்த ஊருக்கு எத்தன மணிக்கு வரும்னு இருக்காது. அப்புறம் நாம என்ன பண்றோம்? குறுக்குத்துறை முருகன் கோயில் எவ்வளவு முங்கியிருக்குன்னு வீடியோ பாத்துக் கணக்கு போடறோம். நம்ம தாத்தாவும் அப்படித்தான் போட்டாரு. அவர் நேர்ல போய் பாத்தாரு, நாம நெட் இருந்தா பாக்கறோம்.

கேக்கறது பெரிய திட்டம் இல்ல. மழைக்காலத்துல ஒவ்வொரு மணி நேரமும், மணி அடிச்சதும், 1197ல ரெண்டு நிமிஷம். பாபநாசம், சேர்வலாறு, மணிமுத்தாறு மூணுலயும் மட்டம் எவ்வளவு, வெளியேத்தறது எவ்வளவு. அந்தத் தண்ணி சுத்தமல்லிக்கு எப்ப, மருதூருக்கு எப்ப, ஸ்ரீவைகுண்டத்துக்கு எப்ப. எந்தப் பாலம் மூடியிருக்கு, எந்தப் பாதை திறந்திருக்கு. எந்த ஆஸ்பத்திரியில டயாலிசிஸ் ஓடுது, பாம்புக்கடி மருந்து எங்க இருக்கு. சினிமாப் பாட்டு நடுவுல வரட்டும், வேண்டாங்கல. வானொலி நிலையத்துக்கும் கட்டுப்பாட்டு அறைக்கும் நடுவுல போன் செத்தாலும் பேச ஒரு தனி வயர்லெஸ். நிலையத்துக்கு ஜெனரேட்டர், அதுக்கு மூணு நாளைக்கு டீசல். இதுக்கு ஆகற செலவு ஒரு வெள்ள நிவாரண மேடைக்குப் போடற பந்தல் செலவுக்கு மேல இருக்காது.

ஆனா நாடு முழுக்க என்ன நடக்குது? கேக்க ஆள் இல்லன்னு சொல்லி மீடியம் வேவ் டிரான்ஸ்மிட்டர ஒண்ணொண்ணா அணைக்கறாங்க. கேக்க ஆள் ஏன் இருப்பான்? கேக்கற மாதிரி உசுர்ப் பிரச்சினைய அதுல என்னைக்கு சொன்னீங்க? தினம் யாரும் தொடலங்கறதுக்காக வார்டுல இருக்கற ஆக்சிஜன் சிலிண்டர எடைக்குப் போட்டுருவோமா?

இன்னொரு விஷயம் சொல்லி முடிச்சுக்கறேன். 2023 டிசம்பர் 18, நம்ம டவர் எல்லாம் செத்துக் கிடந்த அதே திங்கக்கிழமைதான், டெல்லியில அந்தப் புதிய தொலைத்தொடர்பு மசோதாவ மக்களவையில தாக்கல் பண்ணாங்க. 20ஆம் தேதி மக்களவை, 21ஆம் தேதி மாநிலங்களவை, 24ஆம் தேதி ஜனாதிபதி கையெழுத்து. ஒரே வாரம். வேகமா வேலை நடக்காதுன்னு யார் சொன்னது?

"நீங்க டாக்டர், ஊசி போடற வேலையப் பாருங்க"ன்னு வர்றவங்களுக்கு: அந்த வாரம் நான் பாத்த கேஸ்ல முக்கால்வாசி, தகவல் நேரத்துக்குப் போயிருந்தா என்கிட்ட வந்தே இருக்காது. இன்சுலின் கெட்டுப்போச்சுன்னு நாலு நாள் போடாம வந்தவங்க, மண்பானைக்குள்ள வச்சாப் போதும்னு ஒரு குரல் சொல்லியிருந்தா போட்டிருப்பாங்க.

அண்ணாச்சி விஷயத்துக்கு வர்றேன். பெட்டி வாங்கல. பரண்ல கிடந்த பழைய ரேடியோவ இறக்கி பேட்டரி போட்டிருக்காரு. இன்னைக்கு காலையில போன். "டாக்டரய்யா, 1197 வருது. ஆனா ஒரே இரைச்சலா இருக்கு."

"வீட்டுல எல்ஈடி பல்பு, போன் சார்ஜர், இன்வெர்ட்டர் எல்லாத்தையும் அணைங்க."

ரெண்டு நிமிஷம் சத்தமே இல்ல. அப்புறம் போன ரேடியோ பக்கத்துல வச்சாரு. நாகஸ்வரம், கண்ணாடி மாதிரி.

"எலெய், எல்லாத்தையும் அமத்துனா தெளிவா இருக்கே?"

வெள்ளத்தன்னைக்கு கரண்ட் எப்படியும் இருக்காது, அண்ணாச்சி.